சுடாத கழுத்து

எங்கள் வீட்டில் வருத்தத்தை முதலில் அறிவது கணவரின் புறங்கை. கழுத்தில் வைப்பார். சுட்டால் படுக்கலாம், சுடாவிட்டால் எழும்பவேணும். பிள்ளைகள் இருவரும் இந்தத் தீர்ப்பில்தான் பள்ளிக்கூடம் போனார்கள்.

போன மாரியில் ஒரு ஞாயிறு காலை. நாங்கள் இருக்கும் டீட்டிகோன் நகரம் முழுக்கப் பனிப்புகார். எனக்குள் ஏதோ சரியில்லை. நின்றால் இருக்கவேணும்போல, இருந்தால் யன்னலடிக்குப் போகவேணும்போல. மூச்சின் அடியில் ஒரு சிறு கல். புறங்கை வந்தது.

"மேல் சுடேல்லையப்பா. உமக்குத் திங்கட்கிழமையில வாற வருத்தம், ஒருநாள் முந்தி வந்திட்டுது."

"நக்கலை விடுங்கோ."

"கொத்தமல்லி அவிச்சுத் தாறன்."

குடித்தேன். கல் அசையவில்லை. அப்போதுதான் என் மூட்டுவாத டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லச் சமையலறையில் கரட் பிடிக்க முடியாமல் என் விரல்கள் எரிந்த காலத்தில், வயிற்றில் போடும் ஊசியைத் தந்தவர் அவர். உடம்பின் காவல் கலங்கள் புரதங்களை அனுப்பித்தான் ஒன்றோடொன்று கதைக்கின்றன என்றார். அதில் ஒன்று இன்டர்லூக்கின் ஆறு. மூட்டை வீங்கச் சொல்வதும் அது, கிருமி வந்தால் மேலைச் சுடச் சொல்வதும் அது. அது வந்து தட்டும் கதவில் மருந்து குந்திக்கொள்ளும். சொன்னது உள்ளே போகாது. விரல்கள் ஆறின. "ஆனால் இனிக் காய்ச்சலை நம்பாதீர்கள். கிருமி சத்தமில்லாமல் இருக்கும்."

"இஞ்சருங்கோ, ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"காய்ச்சலில்லாமல் போய் என்னெண்டு சொல்லுறது?"

"இந்த ஊசி போடுறன் எண்டு சொல்லுவம்."

இன்னொருமுறை கழுத்தைத் தொட்டார். பிறகு தன் கையைப் பார்த்தார். கார்த் திறப்பை எடுத்தார்.

அங்கே வெப்பமானியும் அவர் பக்கம்தான் நின்றது. 'நான் சொன்னனான்' என்று கண்ணால் சொன்னார். எக்ஸ்ரே வந்தது. வலது நுரையீரலின் அடியில், யன்னலில் பார்த்த அதே புகார். நியுமோனியா. நேரத்தோடு வந்தது நல்லது என்றார்கள். அவர் கைகளை முழங்கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டு இருந்தார்.

சுகமாகும்வரை ஊசியை நிறுத்தினார்கள். விரல்கள் திரும்ப வீங்க, கோப்பையை உள்ளங்கைகளால் பிடித்தேன். பிறகு ஊசி தொடங்கியது; விரல்கள் மடங்கின.

இப்போதும் காலையில் புறங்கை கழுத்துக்கு வருகிறது. பழக்கம்.

"இது ஒண்டும் சொல்லாது. நீர் சொல்லும்," என்கிறார்.

உடனே சொல்லத் தெரிவதில்லை. உள்ளே ஒவ்வோர் இடமாய்ப் போய்ப் பார்க்கவேணும். சப்பாத்தைப் போட்டபடி, வேலைக்குப் பிந்தினாலும், அவர் நிற்கிறார்.