முனிராஜ் பார்க்காத ஆட்டங்கள்

இந்த ஊரில் இருமுவதற்குக்கூட நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆட்டம் நடக்கும்போது, ஆயிரம் பேருக்கு மேல் உட்கார்ந்திருக்கும் அரங்கில் ஒரு தொண்டைகூடச் செருமாது. ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் கிடைக்கிற அரை நிமிடத்தில் எல்லோரும் சேர்ந்து இருமித் தீர்த்துக்கொள்வார்கள். முதல் தடவை அதைக் கேட்டபோது எங்கோ தீப்பிடித்துப் புகை வந்துவிட்டது என்று பயந்து வாசலைத் தேடினேன். தென் ஜெர்மனியின் இந்த நகரத்துக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. வாரம் முழுக்க ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் பாலே. மேல்மாடத்து ஓரத்தில், தூணை ஒட்டி, நின்றபடியே பார்க்கிற இடம் ஒன்று உண்டு, ஷ்டேபிளாட்ஸ் என்பார்கள். அதுதான் என் இடம். எட்டு மணி நேரம் நின்றே வேலை பார்த்துப் பழகியவனுக்கு மூன்று மணி நேரம் நிற்பது ஒரு பெரிய விஷயமில்லை. எனக்குப் பக்கத்தில் எப்போதும் நிற்கிற ஓர் அம்மாள், தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், நான் எத்தனை வயதில் நடனத்தை விட்டேன் என்று ஒருநாள் கேட்டார். ஆடியதே இல்லை, நான் பிரஸ் மெஷின் மெக்கானிக் என்றேன். அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

பர்கூர்க்காரனுக்கு பாலேவா என்று ஊரில் இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். நானும் முனிராஜும் முதன்முதலில் மேடை நடனம் ஒன்றைப் பார்த்தது ஓர் இரும்புச் சட்டத்தைக் காவல் காப்பதற்காக. முனிராஜ் சூளகிரிக்காரன். ஓசூர் தொழிற்பேட்டையில் நாங்கள் வேலை செய்த தொழிற்சாலையில் அவன் தகட்டை அமுக்கி வடிக்கிற பிரஸ்ஸில் ஆபரேட்டர், நான் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். விடுமுறை நாளில் அவன் சித்தப்பாவின் வெல்டிங் பட்டறைக்குப் போய்க் கை கொடுப்பான். பெங்களூரில் ஒரு நவீன நடனக் குழு, ஆட்கள் ஏறித் தொங்குகிற மாதிரி இரண்டு ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சட்டம் வேண்டும் என்று அந்தப் பட்டறையில் கேட்டிருந்தது. அதை டெம்போவில் ஏற்றிக்கொண்டு நாங்கள் இருவரும் போனோம். மேடையில் பொருத்தி முடித்ததும், குழுவை நடத்துகிற அம்மா, இருந்து பார்த்துவிட்டுப் போங்கள், ஜாயின்ட் எங்கேயாவது விட்டுக்கொடுத்தால் ஆள் விழுந்துவிடுவார்கள் என்றார். முதல் பத்து நிமிடம் நாங்கள் பார்த்தது வெல்டிங்கை மட்டும்தான். அப்புறம் சட்டத்தை மறந்துவிட்டோம். ஆறு பேர், பாட்டு இல்லை, கதை இல்லை, ஒருவர் மேல் ஒருவர் சாய்கிறார்கள், தாங்குகிறார்கள், விடுகிறார்கள். என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கவில்லை. முனிராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அன்று பிடித்தது பைத்தியம். மாதத்தில் ஒரு ஞாயிறாவது அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிப் போகிற பெங்களூர் பஸ் ஏறிவிடுவோம். வெளிநாட்டுக் குழு எங்கே வருகிறது, எந்தக் கல்லூரி அரங்கில் இலவசம் என்று முனிராஜ் விசாரித்து வைத்திருப்பான். வீட்டில் தெலுங்கு, என்னோடு தமிழ், பெங்களூரில் வாட்ச்மேனிடம் கன்னடம் என்று அவனுக்கு மூன்றும் தண்ணீர்பட்ட பாடு. கதவு சாத்திய பிறகும் எங்களை உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவான். கேன்டீனில் சாப்பாட்டு நேரத்தில் போனில் பாலே பார்ப்பான். லைனில் எங்களுக்கு டான்ஸ் பார்ட்டி என்று பெயர். கேலி செய்தவர்களையே இழுத்து உட்கார வைத்து, "குதிக்கறது எவன் வேணா குதிப்பான்டா. எறங்கறத பாரு. அவ்ளோ ஒசரத்துல இருந்து எறங்கறான், முட்டி எப்பிடி வாங்கிக்குது பாரு" என்று பாடம் நடத்துவான். நாள் முழுக்க அறுபது டன் பிரஸ் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அதுதான் கண்ணில் பட்டது. நான் இன்றைக்கும் பாலேவை அவன் கண்ணால்தான் பார்க்கிறேன்.

போனில் தெரியாத ஒன்று இங்கே வந்து தெரிந்தது. விரல் நுனியில் நிற்கிற அந்தப் பெண்களின் காலணி மரக்கட்டை போலக் கடினம். இருபது பேர் ஒன்றாக ஓடிவந்தால் மேடைப் பலகை தடதடக்கிறது. காற்றில் மிதப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருப்பது அவ்வளவும் உழைப்பின் சத்தம். அதை முதலில் கேட்ட அன்று முனிராஜிடம் சொல்லவேண்டும் என்று போனை எடுத்தேன். எடுத்த வேகத்தில் பைக்குள் வைத்துவிட்டேன். ஐந்து வருடத்தில் எத்தனையோ ஆட்டம் பார்த்திருக்கிறேன், ஒன்றைப் பற்றியும் அவனிடம் பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தாய் என்று கேட்டால் துணி துவைத்தேன் என்பேன். அவனுக்கு வலது கை மணிக்கட்டுக்குக் கீழே இல்லை. அதற்குப் பிறகு அவன் நடனம் பார்ப்பதில்லை. அதற்குக் காரணம் நான்.

எப்படி என்று சொல்கிறேன். பழைய பிரஸ்களில் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல் அச்சு இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் அச்சுக்குள் மாட்டாது என்பது கணக்கு. ஆனால் அப்படி ஓட்டினால் ஷிப்டுக்குச் சொன்ன எண்ணிக்கை எந்தக் காலத்திலும் முடியாது. அதனால் காற்று டியூபை நீளவாக்கில் கீறி, ஒரு துண்டை வலப்பக்கப் பட்டனைச் சுற்றி அமுக்கிச் செருகிவிடுவோம். பட்டன் உள்ளேயே நிற்கும். இடது கையால் ஓட்டிக்கொண்டே வலது கையால் தகட்டை வைத்து எடுக்கலாம். ஷிப்ட் தொடங்கியதும் எல்லோரும் செருகுவார்கள், சூப்பர்வைசர் வேறு பக்கம் பார்ப்பார், முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். அந்தத் துண்டுகளை அளவாக அறுத்துக் கொடுப்பது மெயின்டனன்ஸ் ரூமில் இருந்த நான். எல்லோரும் என்னிடம்தான் வந்து வாங்குவார்கள். அது தப்பு என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்த ஞாயிறு ஓவர்டைம். மாலை பெங்களூரில் ஒரு பிரெஞ்சுக் குழுவின் ஆட்டம். ஒரு மணிக்குள் எண்ணிக்கையை முடித்துவிட்டு கேட் பாஸ் வாங்கிக் கிளம்புவதாகத் திட்டம். பதினொன்றரை மணி இருக்கும், பக்கத்து மெஷினில் நான் வால்வு மாற்றிக்கொண்டிருந்தபோது முனிராஜ் கத்தினான். முதல் ஆளாக ஓடினேன். அவன் கை உள்ளே இருந்தது. நான் செய்ததை வரிசை மாற்றாமல் எழுதுகிறேன். முதலில் பட்டனில் இருந்த டியூப் துண்டைப் பிடுங்கிப் பையில் போட்டேன். அதற்குப் பிறகுதான் அச்சைத் தூக்குகிற சாவியைத் திருப்பினேன். இடையில் இரண்டு நொடி போயிருக்கும். அந்த இரண்டு நொடியும் அவன் கை உள்ளேதான் இருந்தது. மற்றவர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். லைனில் இருந்த எல்லாத் துண்டுகளும் பத்து நிமிடத்தில் காணாமல் போயின. மெஷினைக் கழுவி மறுபடி ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். ஓட்டிக் காட்டியதும் நான்தான். சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன் லைன் ஓடத் தொடங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் என்னைத்தான் கேட்டான், டியூப் இருந்ததா என்று. நீ அன்று செருகவில்லை போல, நான் வந்து பார்த்தபோது எதுவும் இல்லை என்றேன். செருகிய ஞாபகம் இருப்பதாகச் சொன்னான். நேற்றைய ஞாபகமாக இருக்கும் என்றேன். அப்போதுதான் அவன் சொன்னான்: "அப்ப மொழங்கை பட்டன்ல பட்டிருக்கும்டா. சாயந்தரம் டான்ஸுன்னு அதையே நெனச்சிக்கிட்டு இருந்தேன். புத்தி வேலையில இல்ல." இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு வார்த்தை போதும். நான் சொல்லவில்லை. விசாரணையில், ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று எழுதி அவனிடமே நீட்டினார்கள். இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டான். எனக்கு அந்தத் தொழிற்சாலை கொடுத்த நற்சான்றிதழ், மூன்று வருடம் கழித்து ஜெர்மன் விசா விண்ணப்பத்தில் முதல் பக்கமாக இருந்தது.

போன நவம்பரில் இங்கே ஓர் ஆட்டம். மேடையில் மழை பெய்வது போல ஒரு காட்சி, நிஜத் தண்ணீர். அடுத்த காட்சியில் நான் நாலு வருடமாகத் தொடர்ந்து பார்த்துவருகிற நடனக்காரி ஓடிவந்து எழும்பினாள். இறங்கும்போது கால் வழுக்கியது. என் தூண் வரைக்கும் கேட்டது அந்தச் சத்தம். இசை நின்றது, திரை இறங்கியது. ஆயிரம் பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். கால் மணி நேரம் கழித்து ஒருவர் திரைக்கு முன்னால் வந்து, ஆட்டம் இன்று தொடராது என்றார். தரையைச் சரியாகத் துடைக்கவில்லை, தவறு எங்களுடையது, அவளுடையது இல்லை என்றார். அவ்வளவுதான் பேச்சு. யாரும் முணுமுணுக்காமல் எழுந்து, வாசலில் கொடுத்து வைத்திருந்த குளிர்கோட்டுகளை வாங்கிக்கொண்டு போனார்கள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இந்த ஊர் உத்தமர்களின் ஊர் என்று சொல்ல வரவில்லை. எங்கள் தொழிற்சாலையிலேயே வேறு கதைகள் உண்டு. ஆனால் அடிபட்டவள் எழுந்து நிற்பதற்கு முன்பே, தவறு அவளுடையது இல்லை என்று ஒருவர் வந்து சொல்லிவிட்டார். தபால்கார அம்மாள் என் கையைப் பிடித்து, தசைநார்தான், ஒரு வருடத்தில் திரும்ப ஆடுவாள், கவலைப்படாதே என்று தேற்றினார். நான் யாருக்காக அழுகிறேன் என்று விளக்க என்னிடம் அவ்வளவு ஜெர்மன் இல்லை. தமிழில் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

ஜனவரியில் விடுமுறையில் ஊருக்கு வந்தேன். பர்கூரிலிருந்து பஸ் ஏறி முனிராஜைப் பார்க்கப் போனேன். சூளகிரியில் முனிராஜின் நிலத்தை ஒட்டிப் புதுத் தொழிற்பேட்டையின் சுவர் எழும்பியிருக்கிறது. மிச்சமிருந்த நிலத்தில் கொத்தமல்லி போட்டிருந்தான். பிடுங்கிய தழையை இடது கையால் வாரி, முட்டிக்கும் வலது மணிக்கட்டுக்கும் நடுவில் அமுக்கிப் பிடிப்பான், அவன் மனைவி மஞ்சுளா நார் போட்டுக் கட்டுவாள். நானும் உட்கார்ந்து தழை வாரிக் கொடுத்தேன். ஜெர்மனியில் குளிர் எப்படி, சோறு கிடைக்குமா என்று மஞ்சுளா கேட்டுக்கொண்டிருந்தாள். பத்துக் கட்டு போனதும் சொல்லிவிட்டேன்.

"டியூப் இருந்துச்சு முனி. நான்தான் எடுத்தேன்."

அவன் பிடியை விடவில்லை. "எப்ப?" என்றான்.

"உன் கைய வெளிய எடுக்கறதுக்கு முன்னாடி."

மஞ்சுளாவின் நார் பாதியில் நின்றது. அவளிடம் தெலுங்கில் ஏதோ சொன்னான்; அவள் எழுந்து கிணற்றுப் பக்கம் போனாள். அவன் அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுதித் தருகிறேன், எங்கே வேண்டுமானாலும் வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று உளறினேன். யாரிடம் கொடுப்பாய், அந்தத் தொழிற்சாலையையே மூடிவிட்டார்களே என்றான். குரல் உயரவே இல்லை.

"கை போனதுக்கு நான் உன்ன சொல்லல. எல்லாரும் அப்பிடித்தான் ஓட்டுனோம், ஒருநாளு போயிருக்கும். ஆனா டான்ஸ நெனச்சதாலதான் போச்சுன்னு நம்பிக்கிட்டு இருந்தேன்டா. எட்டு வருசம். டிவில எவனாச்சும் ஆடுனா எழுந்து வெளிய போயிருவேன். எம்பொண்ணு பள்ளிக்கூடத்துல ஆடுனா. அதுக்குக்கூட நான் போவல."

நான் நீட்டிய அடுத்த பிடி தழையை அவன் வாங்கவில்லை. "நீ அங்க பாக்கறியா?" என்று கேட்டான். பொய் சொல்ல இனி எதுவும் பாக்கியில்லை. ஐந்து வருடமாகப் பார்க்கிறேன் என்றேன். தலையை ஆட்டினான். தழையைக் கீழே வைத்தான். "கெளம்பு" என்றான்.

திரும்பி வந்த பிறகு அவன் என் போனை எடுக்கவில்லை. நான் அனுப்பிய செய்திகள் பார்க்கப்படாமலே கிடந்தன. பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரங்கின் வாசலில் பனியில் நின்றுகொண்டிருந்தபோது மஞ்சுளாவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. "அண்ணா, அவரு பாப்பாவ கூட்டிக்கிட்டு பெங்களூரு போயிருக்காரு. ஏதோ டான்ஸாம். ஏழரைக்குன்னு சொன்னாரு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னாரு, எனக்கு மனசு கேக்கல. நீங்க போன் கீன் பண்ணிராதீங்க."

இங்கே மூன்று மணி என்றால் அங்கே ஏழரை. இரண்டு அரங்கிலும் ஒரே நேரத்தில் விளக்கு அணையும். என்ன ஆட்டம், யார் ஆடுகிறார்கள், எந்த அரங்கு, எனக்கு ஒன்றும் தெரியாது. இனி தெரியவும் வராது. ஐந்து வருடம் நான் பார்த்ததையெல்லாம் அவனிடம் மறைத்தேன். இனி அவன் பார்க்கப்போவதை எனக்குச் சொல்லமாட்டான். அது அவன் நியாயம். உள்ளே போய் என் இடத்தில் நின்றேன். திரை விலகியது. பக்கத்தில் நின்றவர்களோடு நானும் தூணில் சாய்ந்து மேடையைப் பார்த்தபடி இருந்தேன். அன்று என்ன ஆடினார்கள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மூன்று மணி நேரமும் நான் பார்த்துக்கொண்டிருந்தது, பெங்களூரில் ஏதோ ஓர் அரங்கின் பின்வரிசையில், மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, இறங்கறத பாரு என்று அவள் காதில் சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவனின் முதுகை.