சவாரித் திடலில் மாடுகளின் முகம்

ஸ்ரூடியோவில் வேலை செய்த காலத்தில், மாட்டுவண்டிச் சவாரிப் போட்டியைப் படமெடுக்க மூன்று விதிகள் வைத்திருந்தேன். பனைக்குப் பின்னால் நிற்பது. மாடு மிரளும் என்பதால் பிளாஷ் போடாமல் இருப்பது. கமராவுக்கு வெளியே ஒரு கண் வைத்திருப்பது. உள்ளே பார்த்தால் வண்டி தூரத்தில் வருவதுபோலவே தெரியும்.

நீர்வேலியில் நடந்த சவாரியில் வண்டியோட்டி ஒருவர், "முன்னுக்கு நிண்டு எடு பிள்ளை, மாடுகளின்ரை முகம் விழவேணும்," என்றார். ஓம் என்று திடலுக்குள் இறங்கினேன்.

அவருடைய வண்டி புறப்பட்டதும் சனம் இரு பக்கமும் நெருங்கிப் பாதையை ஒடுக்கியது. நான் கமராவுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன். "தங்கச்சி!" என்று யாரோ கத்தியபோது கொம்புகள் எட்டடியில் இருந்தன. சனத்துக்குள் பாய்ந்தேன். கழன்ற செருப்பின் மேல் வண்டிச் சில்லு ஏறிப் போனது.

அவர் திரும்பி வந்து, "முகம் வந்ததோ?" என்றார்.

"அடுத்தமுறை நீங்கள் முன்னுக்கு நில்லுங்கோ அண்ணை, நான் வண்டியை விடுறன்."