கறுப்புக் கரை வைத்த நோட்டீஸ்

என் வீட்டுக்காரருக்கு மட்டமான காகிதம் என்றால் ஆகாது. சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டாலும் பேசாமல் தின்றுவிட்டு எழுந்துவிடுவார். மை ஊறி எழுத்து பூத்துப்போன காகிதத்தைக் கண்டால் மட்டும் முகம் கடுகடு என்று ஆகிவிடும். சுங்கைப்பட்டாணி கடைத்தெருவில் எங்களுக்கு ஒரு சின்ன அச்சுக்கூடம் இருந்தது. காலால் மிதிக்கிற ஒரே ஒரு மெஷின். அவர் எழுத்துக் கோப்பார், மிதிப்பார். நான் காகிதம் வெட்டுவேன், அடித்ததை உலர்த்துவேன், மற்ற நேரத்தில் அவரோடு சண்டை போடுவேன்.

ஜப்பான்காரன் வந்த பிறகு கிடைத்ததெல்லாம் தவிட்டு நிறத்தில் சொரசொரவென்று ஒரு காகிதம். ஆனால் சண்டைக்கு முன்பு கல்யாணப் பத்திரிகைக்கென்று வாங்கிய தடித்த வழவழப்பான காகிதக் கட்டு ஒன்றைப் பாயில் சுற்றி எங்கள் கட்டிலுக்கடியில் வைத்திருந்தார். "அரிசிக்கே வழியில்லை, யார் கல்யாணத்துக்கு இதைக் காப்பாத்துறீங்க?" என்று நான் கேட்காத நாள் இல்லை. அவர் பாயை இன்னும் இறுக்கிச் சுற்றிவைப்பார்.

அந்தச் சமயத்தில்தான் தோட்ட மக்களுக்கான சங்கத்தின் செயலாளர் வந்தார். ஒரு தோட்டப் பள்ளியில் வாத்தியாராக இருந்தவர். சயாமில் ரயில் பாதை போட ஆண்களை லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போன காலம் அது. போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் பெண்களும் குழந்தைகளும் மரவள்ளிக்கிழங்குகூடக் கிடைக்காமல் வாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வெள்ளிக்கிழமை தோறும் கோயில் கொட்டகையில் கஞ்சி ஊற்ற சங்கம் அனுமதி வாங்கியிருந்தது. அதற்கு நோட்டீஸ் வேண்டும்.

"அண்ணே, சாதாக் காகிதத்துல அடிச்சா ஒருத்தரும் வரமாட்டாங்க லா" என்றார் செயலாளர். "போன மாசம் ஜப்பான்காரனுங்க சும்மா படம் காட்டுறோம்னு நோட்டீஸ் போட்டானுங்க. நம்ம ஆளுங்க புள்ளைகளக் கூட்டிட்டுப் போனாங்க. படம் பாதி ஓடுறப்ப சுத்தி லாரி. ஆம்பளைங்கள அப்படியே ஏத்திட்டுப் போயிட்டான். இப்ப நோட்டீஸ்னாலே பயம். நேத்து சுங்கை லாலாங் தோட்டத்துல என் கையில காகிதத்தப் பாத்ததும் லயமே காலி. எல்லாம் ரப்பர் காட்டுக்குள்ள ஓடிருச்சு."

வீட்டுக்காரர் எழுந்தார். உள்ளே போய்க் கட்டிலுக்கடியில் குனிந்தார். காகிதக் கட்டு வெளியே வந்தது. கல்யாணப் பத்திரிகைக்கு வைத்திருந்த அழகான எழுத்தில், நிதானமாகக் கோத்து அடித்தார். நான் மஞ்சளை இழைத்து ஒவ்வொன்றின் நாலு மூலையிலும் தடவினேன். அவர் சொல்லவில்லை, நானாகத்தான் செய்தேன். மஞ்சள் தடவிய காகிதத்தில் நம் ஆள் எவனும் பொய் சொல்ல மாட்டான் என்பது லயத்தில் இருக்கும் எல்லாப் பெண்ணுக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை கொட்டகை நிறைந்துவிட்டது. பானையும் சட்டியுமாக வந்தார்கள். இடுப்பில் செருகிய நோட்டீஸை எடுத்துக் காட்டி, "மஞ்சளப் பாத்துத்தான்கா வந்தோம்" என்றாள் ஒருத்தி. எனக்குத் தலைகால் புரியாத பெருமை. வீட்டுக்காரர்கூட அன்றைக்குச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அடுத்த வாரம் வரை நிலைக்கவில்லை. கடை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஆள் பிடிக்கும் ஆபீசின் ஜப்பான் அதிகாரி இறங்கினார். பின்னாலேயே அவருடைய துபாஷி. அவன் நம் தமிழ்ப் பையன்தான், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அவன் நடந்து வந்தால் ஊரே கதவைச் சாத்தும். முதுகுக்குப் பின்னால் அவனைத் திட்டாதவர்கள் கிடையாது, நான் உள்பட.

அதிகாரியின் கையில் எங்கள் கஞ்சி நோட்டீஸ் இருந்தது. விரலால் தடவிப் பார்த்தார். மஞ்சள் மூலையை மோந்து பார்த்தார். "ஜோத்தோ" என்றார். அவர்கள் பாஷையில் நேர்த்தி என்று அர்த்தம்.

துபாஷி எங்கள் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "அண்ணே, துவானுக்கு இதே மாதிரி வேணுமாம். இதே காகிதம். இதே மஞ்சள். நாளைக்கு மத்தியானம் வந்து வாங்கிக்குவோம்." ஒரு தாளை மேஜையில் வைத்தான். சுங்கை லாலாங் திடலில் படம் காட்டப்படும், அரிசியும் துணியும் கொடுக்கப்படும், ஆண்கள் அனைவரும் குடும்பத்தோடு வரவும் என்று எழுதியிருந்தது.

கார் போன பிறகு நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் மஞ்சளை வைத்தே என் சனங்களைப் பிடிக்கப் போகிறான். அடிக்க மாட்டோம் என்று சொல்லவும் முடியாது. சொன்னவனின் தலையைப் பசார் முனையில் கம்பத்தில் வைத்ததை இந்த ஊர் பார்த்திருக்கிறது. "எங்கயாவது ஓடிப்போயிடலாம், பாலிங் பக்கம் போயிட்டா சயாம் எல்லை" என்றேன். அவர் மேல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே ஒரு தனிப் பெட்டி உண்டு. கருமாதிப் பத்திரிகைக்கு வைக்கிற தடித்த கறுப்புக் கரை அடிக்கும் அச்சுப் பட்டைகள் அதில் இருந்தன. கல்யாண எழுத்தோடு அவற்றை ஒருநாளும் கலக்க மாட்டார். தொட்டால் கை கழுவிவிட்டுத்தான் மறுவேலை. அந்தப் பெட்டியை இறக்கி மேஜையில் வைத்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. கறுப்புக் கரை வைத்த காகிதம் லயத்துக்கு வந்தால் அது சாவுச் செய்தி. படித்த கையோடு கிழித்துப் போடுவார்களே தவிர, யாரும் வீட்டுக்குள் வைக்க மாட்டார்கள். அந்த ஜப்பான்காரனுக்கு அது வெறும் அழகான கரை.

"அவனுக்குத் தெரியாது சரி. கூட வர்றானே, அவனுக்குத் தெரியாதா?" என்றேன். "பாத்த உடனே சொல்லிருவான். உங்க தல போயிரும்ங்க."

"மஞ்சளத் தடவிக் குடுத்தா யாரு தல போகும்?" என்றார். காகிதம் வெட்டப் போனேன்.

மறுநாள் மத்தியானம் கார் வந்தது. நோட்டீஸ்கள் அடுக்கி, நூல் கட்டி, தயாராக இருந்தன. அவர் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக அடித்ததே இல்லை. ஒரு எழுத்து மங்கவில்லை. நாலு பக்கமும் கன்னங்கரேல் என்று கரை. அதிகாரி ஒன்றை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மூலையைத் தொட்டு, துபாஷியிடம் ஏதோ கேட்டார்.

"மஞ்சள் எங்கன்னு கேக்குறாரு" என்றான் துபாஷி. அப்போதுதான் அவன் கையிலும் ஒரு நோட்டீஸ் வந்தது. குனிந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். என் வீட்டுக்காரர் மெஷினின் சக்கரத்தைப் பிடித்தபடி நின்றார்.

"மஞ்சள் தீந்துபோச்சு தம்பி" என்றேன்.

அவன் நிமிர்ந்து என் கையைப் பார்த்தான். அன்று காலையில்தான் குழம்புக்கு மஞ்சள் இழைத்திருந்தேன். பத்து விரலும் பளிச்சென்று மஞ்சளாக இருந்தன. சேலைத் தலைப்பில் மறைக்கக்கூடத் தோன்றவில்லை. உயிர் போகிற நேரத்திலா புத்தி வேலை செய்யும்?

அவன் அதிகாரி பக்கம் திரும்பி அந்தப் பாஷையில் ஏதோ சொன்னான். நீளமாகச் சொன்னான். கறுப்புக் கரையை விரலால் சுட்டியும் காட்டினான். போச்சு என்று நினைத்தேன். அதிகாரி கரையைத் தடவிப் பார்த்தார், தலையை ஆட்டினார். "ஜோத்தோ, ஜோத்தோ" என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போனார்.

துபாஷி கட்டுகளைத் தூக்கிக் காரில் வைத்தான். கையில் இருந்த ஒற்றை நோட்டீஸை வாசலில் நின்று இரண்டாகக் கிழித்தான். சாக்கடையில் போட்டான். எங்களைத் திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டான்.

படம் காட்டுகிற அன்று திடலில் வெள்ளைத் துணி கட்டி, லாரிகளை மரங்களுக்குப் பின்னால் நிறுத்திவைத்திருந்தார்களாம். ஈ காக்காகூட வரவில்லை. "சாவுக் காகிதத்த யாருக்கா வீட்ல வெப்பா? கிழிச்சு அடுப்புல போட்டோம் லா" என்று கஞ்சி வரிசையில் ஒருத்தி சொன்னாள். நான் கேட்டுக்கொண்டே ஊற்றினேன். அவள் சட்டியில் இன்னொரு அகப்பை சேர்த்துவிட்டேன்.

லாரி வெறுமனே திரும்பாது அல்லவா? தமிழ் ஆட்களைக் கொண்டுவருவது துபாஷியின் பொறுப்பு. வரவில்லை என்றதும் அதிகாரி அவனையே கன்னத்தில் அறைந்து லாரியில் ஏற்றிவிட்டார் என்று தெரியவந்தது. நாங்கள் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தோம். வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொள்வார், போகத் தயார் என்பதுபோல. ஒருவரும் வரவில்லை. அந்தக் கரைக்கு என்ன அர்த்தம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் தப்பித்திருப்பான். சொல்லவில்லை. அவனை நான் திட்டிய திட்டெல்லாம் எனக்கே திரும்பி வந்து வலித்தது.

சண்டை முடிந்து, சயாமிலிருந்து பிழைத்தவர்கள் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். அவன் வரவில்லை. கூட இருந்தவர் ஒருவர் செய்தி கொண்டுவந்த பிறகு, அவன் அம்மா எங்கள் கடைக்கு வந்தார். கருமாதிப் பத்திரிகை அடிக்க வேண்டும் என்றார். "கொஞ்சம் நல்ல காகிதமா போடு தம்பி. யாரும் வரமாட்டாங்க, தெரியும். இருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

பழைய காகிதக் கட்டிலிருந்து மீதமிருந்ததை எடுத்தோம். அதே பட்டைகள், அதே கறுப்புக் கரை. வீட்டுக்காரர் அடித்து முடித்தார். அன்றைக்கு அவர் கை கழுவவில்லை. சங்கத்துச் செயலாளர் பத்திரிகைகளைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய், அந்தக் கரையின் கதையை லயம் லயமாகச் சொன்னார். கருமாதியன்று அந்தச் சின்ன வீட்டு வாசலில் நிற்க இடமில்லை.

எனக்கென்று வந்த பத்திரிகையை நான் கிழிக்கவில்லை. வீட்டுக்கு ஆகாது என்று சொல்லாதவர்கள் இல்லை. அது இன்னமும் என் பெட்டியில்தான் இருக்கிறது.