ஸ்டெபி வரவேற்புக்கு அண்ணன் போட்ட பாட்டு

ஹெப்ரானுக்குக் கை சும்மா இருக்காது. பாளையங்கோட்டையில் அவன் வேலை பார்க்கும் அலுவலகத்தில் வலது கை கோப்பைப் புரட்டினால் இடது கை மேசையில் தாளம் போடும். பேருந்தில் நின்றால் கம்பியில் தட்டுவான், ஆலயத்தில் உட்கார்ந்தால் பாட்டுப் புத்தகத்தின் அட்டையில். ஒரு பேனாவை அவனிடம் இரவல் கொடுத்தால் சற்று நேரத்தில் மூடி வேறு, ஸ்பிரிங் வேறு, குழாய் வேறாகத்தான் திரும்பி வரும். முப்பத்தைந்து வயதாகிவிட்டது, ஒரு பெண்ணுக்குக் கணவனாகியும் விட்டான், இந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

ஆசைகளும் அப்படித்தான். கீபோர்டு வாங்கினான், பாடகர் குழுவில் சேர்ந்தான், விட்டான். மீன் தொட்டி வைத்தான், மீன்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. கேமரா வாங்கி வீதிவீதியாக அலைந்தான், அதையும் விட்டான். எல்லாம் பரணில் சாக்குக்குள் கட்டிக் கிடந்தன. மனைவி ஜெமிமா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் சண்டை போடுவதில்லை. புதுச் சாமான் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பரணை ஒரு தடவை அண்ணாந்து பார்ப்பாள், அவ்வளவுதான். அதற்குச் சண்டையே போட்டிருக்கலாம்.

கடைசியாகப் பிடித்த பித்துதான் டிஜே. யாரோ ஒரு பையன் பாட்டுப் போடும் வீடியோவைச் செல்போனில் பார்த்தான். ஒரு பாட்டு முடிவதற்குள் இன்னொரு பாட்டு பைய உள்ளே வந்து, தாளம் பிசகாமல் இரண்டும் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தன. ஹெப்ரான் சொக்கிப்போனான். இரண்டு கைக்கும் ஓயாத வேலை, தட்டினால் திட்டுவதற்கு ஆளில்லை. தனக்கென்றே செய்து வைத்த தொழில் என்று நினைத்தான்.

வண்ணார்பேட்டையில் மைக், ஸ்பீக்கர் விற்கும் நூர்முகம்மது பாயின் கடைக்குப் போனான். போனான் என்பதைவிடக் குடியேறினான் என்று சொல்லலாம். ஒவ்வொரு பெட்டியையும் இறக்கச் சொல்லிப் பார்த்தான், வட்டத் தட்டைச் சுழற்றினான், ஏற்றி இறக்கும் கட்டையை இழுத்தான். கடைசியில் நான்கு பாட்டை ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய பெரிய கன்ட்ரோலர் மேல் கை வைத்தான்.

"உமக்கு எத்தன கை வே?" என்று கேட்டார் பாய்.

"ரெண்டு."

"அப்ப ரெண்டு சேனல் காணாதா? மொதல்ல லேப்டாப்பு எவ்வளவு பழசுன்னு பாரும். சவுண்டு கார்டு பெட்டிக்குள்ளயே இருக்கான்னு பாரும். அடுத்த பாட்ட ஹெட்போனுல தனியா கேக்க வழி இருக்கா, பின்னால உள்ள ஓட்ட உம்ம ஸ்பீக்கர் வயருக்குப் பொருந்துமா, அதப் பாரும். வெளக்கு எத்தன கலருல எரியுதுன்னு கடைசில பாத்துக்கிடலாம்."

ஹெப்ரான் விளக்கைத்தான் பார்த்தான். பெரியதையே வாங்கிப் போனான். வீட்டில் அதை வைக்க மேசை போதவில்லை, பழைய லேப்டாப் அதைக் கண்டதுமே திணறி நின்றது, பின்பக்க ஓட்டை ஸ்பீக்கர் வயருக்குப் பொருந்தவில்லை. அடுத்த வாரமே தூக்கிக்கொண்டு போய் நின்றான். பாய் அதை வாங்கி வைத்துவிட்டுச் சின்னதை எடுத்துக் கொடுத்தார். சிரிப்பை மட்டும் அடக்க முடியவில்லை.

சின்னதும் சும்மா விடவில்லை. முதல் நாளே பாட்டுக்கு நடுவில் எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் பொரிந்தது. சரி செய்ய என்னென்ன வழி உண்டென்று வீடியோக்களில் தேடினான். லேப்டாப் ஒலியை அனுப்பும் வேகத்தைக் கொஞ்சம் தளர்த்து என்றது ஒன்று. வயரை மாற்று என்றது இன்னொன்று. வேறு துளையில் சொருகு, வைஃபையை அணை என்றன மற்றவை. எல்லாரும் ஒரே குரலில் சொன்னது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்பதைத்தான். அதற்கு ஹெப்ரானிடம் பொறுமை ஏது? எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினான். பொரிவது நின்றது.

"எதுனால சரியாச்சு?" என்று கேட்டாள் ஜெமிமா.

"சரியாச்சுல்லா. பெறவு என்ன?"

"ஒரு நோயாளிக்கு இருக்க மருந்தெல்லாம் ஒண்ணா குடுத்துட்டு, எது கேட்டுச்சுன்னு டாக்டர் கேட்டா நா என்ன சொல்லட்டும்? திரும்ப வந்தா என்ன செய்வீங்க?"

"வரும்போது பாத்துக்கிடலாம்" என்றான். இந்தப் பதிலைத்தான் அவன் மீன் தொட்டிக்கும் சொன்னான்.

அந்த வீட்டில் அவனைக் கேலி செய்யாத ஒரே ஆள் தங்கை ஸ்டெபி. பள்ளிக்கூட ஆசிரியை. சாயங்காலம் வந்ததும் அவன் மேசைக்கு எதிரே காபியோடு உட்கார்ந்து, "அண்ணே, இப்ப சேர்ந்தது தெரியல. போன தடவ தட்டுச்சு" என்று சொல்லுவாள். சத்தத்தைச் சிவப்பு விளக்கு எரியுமளவு ஏற்றினால் பாட்டு கிழிந்துபோகும் என்பதைக் கண்டுபிடித்துச் சொன்னதும் அவள்தான். அடுத்த அறையிலிருந்து அப்பா தேவதாசன், "யாரு சட்டிய உருட்டுதது?" என்று கத்துவார். இருவரும் சிரிப்பார்கள்.

அவளுக்குத் திசையன்விளையில் மாப்பிள்ளை அமைந்தது. கடை கண்ணி உள்ள பெரிய குடும்பம். வரவேற்புக்குத் தங்கள் செலவில் இன்னிசைக் குழு கூட்டி வருகிறோம் என்றார்கள். ஸ்டெபி குறுக்கே விழுந்து, "வேண்டாம், எங்க அண்ணன் இருக்கான்" என்று சொல்லிவிட்டாள்.

கேட்டதும் ஹெப்ரானின் விரல்கள் தாளத்தை நிறுத்தின. பாட்டு சொதப்பினால் அவனைப் பார்த்து நாலு பேர் சிரிப்பார்கள், அது ஒரு நாளோடு போகும். ஆனால் அவள் அந்த வீட்டில் வாழப் போகிறவள். "உங்க அண்ணன் போட்டான்லா பாட்டு" என்ற பேச்சை ஒவ்வொரு கல்யாணத்திலும் கிறிஸ்துமஸிலும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியவள். அப்பாவோ சினிமாப் பாட்டு ஒன்று காதில் விழுந்தாலும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவேன் என்று வேறு அறிவித்திருந்தார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும்ணே" என்றாள் ஸ்டெபி. "நா உள்ள வரும்போது கீர்த்தன பைய ஆரம்பிக்கணும். மேடப் படியில கால வைக்கும்போது தாள அடி ஏறணும்."

அதையே பழகினான். சாப்பிடும்போது பழகினான், குளிக்கும்போது வாளியில் பழகினான், அலுவலகத்தில் திட்டு வாங்கிக்கொண்டே பழகினான். உறக்கத்தில்கூட விரல்கள் ஆடுவதாக ஜெமிமா சொன்னாள்.

கல்யாணம் காலையில் ஆலயத்தில் முடிந்தது. வரவேற்பு சாயங்காலம் மண்டபத்தில். மத்தியானமே போய் மேடைக்குப் பக்கவாட்டில் மேசை போட்டு எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்தான். கண்ணாடி மாதிரி சத்தம். அப்போதே ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காருவானா? பழைய வயர் பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று புது வயரை மாட்டினான். ஸ்பீக்கரை ஒரு முழம் தள்ளி வைத்தான். லேப்டாப்பில் சார்ஜ் பாதிக்குக் கீழே இருக்கவே, சார்ஜரை மேடைக்கடியில் இருந்த பிளக்கில் சொருகினான். பிறகு சட்டை மாற்றப் போனான்.

திரும்பி வந்தபோது கூட்டம் நிறைந்திருந்தது. ஸ்பீக்கரிலிருந்து ஒரு இரைச்சல் வந்துகொண்டிருந்தது, வண்டு ஒன்று டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி, நிற்காமல், ஒரே சுருதியில். முன்வரிசையில் திசையன்விளைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹெப்ரான் மேசைக்கு ஓடினான். ஒரு வயரைப் பிடுங்கினான், சொருகினான். இன்னொன்றை ஆட்டினான். வண்டு போகவில்லை. அதற்குள் சபைப் போதகரான சேகரகுருவானவர் மைக் முன்னால் வந்து நின்று, "கண்களை மூடி ஆரம்ப ஜெபம் செய்வோம்" என்றார்.

ஹெப்ரான் கண்ணை மூடிவிட்டான். நினைத்து மூடவில்லை. ஜெபம் என்றதும் தானாக மூடிக்கொள்ளும்படி பிறந்ததிலிருந்து பழகிய கண். வேறு எவனாக இருந்தாலும் ஒரு கண்ணையாவது திறந்து வைத்துக்கொண்டு பெட்டியைப் பார்த்திருப்பான். இவன் மூடிய கண்ணோடு, இரைச்சலையாவது குறைப்போம் என்று கையை மட்டும் பைய நீட்டினான். ஒலியைக் குறைக்கும் திருகு அங்கேதான் இருக்க வேண்டும் என்று தடவியபோது விரல் ஒரு பொத்தானை அழுத்திவிட்டது.

பாம்ம்ம்ம் என்று கப்பல் சங்கு ஊதியது. கூட்டத்தை உசுப்பிவிட எல்லா டிஜேக்களும் வைத்திருக்கும் சங்கு. மண்டபம் அதிர்ந்தது. எங்கோ ஒரு குழந்தை வீரிட்டது. ஆனால் ஒருவரும் கண்ணைத் திறக்கவில்லை, திறந்தவர்களும் திறக்காததுபோல் மூடிக்கொண்டார்கள். குருவானவர் ஒரு கணம் நிறுத்தினார். பிறகு, "ஆண்டவரே, எங்கள் கவனத்தைச் சிதறடிக்கிற சத்தங்களை நீரே அமரப்பண்ணும்" என்று அதையும் ஜெபத்தில் சேர்த்துக்கொண்டு போனார்.

ஹெப்ரான் இரண்டு கையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். வெட்கத்தில் காது எரிந்தது. ஜெபம் நீண்டது. இரண்டு குடும்பம், பெற்றோர், சபையார், வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் என்று ஒருவரையும் விடாமல் போயிற்று. எதையும் தொட முடியாது, எங்கும் போக முடியாது. வேறு வழியில்லாமல் முதல் தடவையாக அந்த இரைச்சலைக் கேட்டான். வயர் கெட்டிருந்தால் விட்டுவிட்டு வரும். இது சீராக வருகிறது. ஸ்பீக்கரை ஒரு முழம் தள்ளியதால் வந்திருக்காது. மத்தியானம் லேப்டாப் பேட்டரியில் ஓடியபோது இது இல்லை. சார்ஜர் ஒரு பிளக்கில் இருக்கிறது, ஸ்பீக்கர் மண்டபத்தின் மறுகோடியில் வேறு பிளக்கில். இரண்டு பிளக்கின் எர்த்தும் ஒத்துப்போகாமல் மல்லுக்கட்டுகின்றன. 'ஆமென்' சொன்ன மறுகணம் குனிந்து சார்ஜரை மட்டும் பிடுங்கினான். வண்டு செத்தது.

வயரை மறுகோடிக்கு இழுக்க நேரமில்லை. வாசலில் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்துவிட்டார்கள். பழைய பேட்டரி, ஏற்றியது நிற்காது, திரையின் மூலையில் எண் கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருந்தது. பாட்டு நடுவில் அணைந்தால் எல்லாம் முடிந்தது. கீர்த்தனையைப் பைய ஆரம்பித்தான். எண்ணைப் பார்த்தான், கட்டையைப் பார்த்தான், மறுபடி எண்ணைப் பார்த்தான். படிப்பக்கம் சைகை காட்ட நின்ற ஜெமிமா கையை உயர்த்தியது ஓரக்கண்ணில் பட்டதும் அடியை ஏற்றினான். மண்டபமே கைதட்டியது. திசையன்விளைப் பெரியவர் ஒருவர் தாளம் போட்டுத் தலையாட்டினார். தேவதாசன் எழுந்து போகவில்லை, அதுவே பெரிய விஷயம்.

கேக் வெட்டி முடிக்கும்வரை பேட்டரி தாங்கியது. பந்தி தொடங்கியதும் நீள வயர் இழுத்து ஸ்பீக்கர் இருந்த பிளக்கிலேயே சார்ஜரையும் சொருகினான். இரைச்சல் வரவில்லை. மேலும் மேலும் பாட்டுப் போட்டான். உயிர் வந்தது. பாராட்ட வந்தவர்களிடம் எர்த் பற்றி விளக்கினான்.

ரொம்ப நேரமாகுமுன் திசையன்விளை போய்ச் சேர வேண்டுமென்று பெண்ணைக் கிளப்பினார்கள். எல்லாரிடமும் சொல்லிவிட்டு ஸ்டெபி கடைசியாக அவன் மேசைக்கு வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"நல்லாருந்துச்சுண்ணே. அவங்க மாமாவே கேட்டாரு, யாரு போட்டதுன்னு."

"அடி கரெக்டா படியில விழுந்துச்சுல்லா?"

"விழுந்துச்சு. நா உள்ள வரும்போது எப்படி இருந்தேன்?"

"சூப்பரா இருந்தட்டி."

"வாசல்ல நின்னு உன்னயப் பாத்துச் சிரிச்சேன். பாத்தியா?"

ஹெப்ரான் வாயைத் திறந்தான். பொய் ஒன்று நாக்குவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது உள்ளேயே போய்விட்டது.

"பாக்கலட்டி. பேட்டரியப் பாத்துக்கிட்டே இருந்துட்டேன்."

அவள் கோபப்படவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, காருவரைக்கும் வா" என்றாள்.

 இத்தனை நாள் அவன் பாடுபட்டதெல்லாம் அந்த ஒரு நடைக்காக. மண்டபத்தில் சமையல்காரர் உட்பட எல்லாரும் அதைப் பார்த்தார்கள், அவனைத் தவிர. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அவளோடு நடந்தான். பட்டுச்சேலை கரும்பச்சை நிறம் என்பதே இப்போதுதான் தெரிந்தது. வலது காதோரம் ஒரு முடி பிரிந்து கிடந்தது. செருப்பு கடிக்கிறது போலும், லேசாகச் சாய்ந்து நடந்தாள். கார்க் கதவருகே போனதும் திரும்பி அவனைப் பார்த்துச் சிரித்தாள். வாசலில் சிரித்ததும் இப்படித்தானா என்று இனி யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.

உள்ளே ஓடிக்கொண்டிருந்த பாட்டு முடிந்தது. அடுத்ததைப் போட ஆளில்லை. மண்டப வாசலிலிருந்து ஜெமிமா கத்தினாள்.

"இங்கேருங்க, பாட்டு நின்னுட்டு!"

கார் நகரத் தொடங்கியிருந்தது.

"நிக்கட்டும்" என்றான் ஹெப்ரான், திரும்பாமல்.