உள்பக்கம் சாய்கிறவன்

நம்பாதவர்கள் சாக்கோட்டைப் பக்கம் வந்து பார்க்கலாம். அந்த ஜீப் இன்றும் பாண்டீஸ்வரி வீட்டு வாசலில், வேப்பமரத்தடியில் நிற்கிறது. இதில் கதைக்காகச் சேர்த்தது எதுவும் இல்லை. இருட்டில்கூட நடக்கவில்லை. எல்லாம் வெயிலில், பட்டப்பகலில் நடந்தது.

ஜீப் அவளுடைய தம்பி முத்துக்கண்ணனுடையது. சேற்றில் வண்டி ஓட்டும் பந்தயங்களுக்குப் போகிறவன் அவன். அதற்காக ஸ்பிரிங்குகளை மாற்றி வண்டியை அரை அடி உயரம் தூக்கியிருந்தான். வளைவில் வண்டி சாயாமல் இரண்டு பக்கச் சக்கரங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள அடியில் ஒரு கம்பி இருக்கும். ஸ்டெபிலைசர் ராடு என்பார்கள். அதையும் கழற்றிவிட்டான். அது இல்லையென்றால்தான் ஒரு சக்கரம் பள்ளத்திலும் ஒரு சக்கரம் மேட்டிலும் தனித்தனியாக ஏறி இறங்கும். சேற்றுக்கு அது நல்லது. தார் ரோட்டுக்கு ஆகாது. சாதாரண வளைவில்கூட வண்டி படகு மாதிரி சாயும். யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அந்தப் பக்கம் இறங்கும்.

அதனால் வண்டியில் ஏறுகிற எல்லோருக்கும் அவன் ஒரே பாடம்தான் எடுப்பான். "வளைவு வந்தா உள்பக்கம் சாயணும். வலது வளைவுக்கு வலப்பக்கம், இடது வளைவுக்கு இடப்பக்கம். பின்னால இருக்கவுக எடம் மாறி உக்காரணும். இல்லன்னா எல்லாரும் சேந்து கவுந்துருவோம்."

பாண்டீஸ்வரிக்கு ஜீப் ஓட்டக் கற்றுக்கொடுத்தவனும் அவன்தான். அவள் ஓட்டும்போது பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவுக்கும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவிக்கொண்டே வருவான்.

கார்த்திகையில் ஒரு நண்பகல், கல்லலில் இருந்து அவன் ஓட்டிக்கொண்டு திரும்பும்போது ஆலங்கண்மாய்க் கரை வளைவில் வண்டி உருண்டது. கண்மாய் ததும்பிக் கிடந்தது. ஆனால் வண்டி தண்ணீருக்குள் போகவில்லை. ஒரு சுற்றுச் சுற்றிக் கரையிலேயே கவிழ்ந்து கிடந்தது. ஸ்டியரிங் நெஞ்சில் குத்தி அவன் அங்கேயே இறந்திருந்தான். அவன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை.

பாண்டீஸ்வரி அழவில்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தாள். கருமாதி முடிந்த மறுநாளே காரைக்குடிக்கு வேலைக்குப் போனாள். "இந்தப் புள்ள கல்லு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. சரியென்று நினைத்துக்கொண்டாள். ஒன்றைத்தான் அவளால் செய்ய முடியவில்லை. அவன் பெயரைச் சொல்ல முடியவில்லை. வாய் அந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிடும்.

அம்மா லட்சுமி அப்படி இல்லை. சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். வரக்காப்பி மட்டும்தான். கேட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். "அவன் வழி தெரியாம அங்குட்டே நிக்கிறான்டி. கனவுல வந்து கேக்குறான்." குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஊசியைப் பிடுங்கிப் போட்டாள். இப்படியே போனால் பங்குனி தாண்டாது என்று டாக்டர் பாண்டீஸ்வரியிடம் தனியாகச் சொன்னார்.

பிடிமண் எடுத்து வரலாம் என்று சித்தப்பா சின்னக்கருப்பு சொன்னது அப்போதுதான். உயிர் போன இடத்தில் ஒரு கைப்பிடி மண் எடுத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வீட்டுக்குக் கொண்டுவருவது.

"போன வண்டியிலதான் திரும்பி வருவான். வண்டியச் சரி பண்ணிட்டாகள்ல?"

"ஓடுது. ராடு மட்டும் மாட்டல."

"அதை எதுக்கு மாட்டணும்? அவன் வண்டி அவன் வச்சிருந்தபடியே இருக்கட்டும். கூடப் பொறந்தவதான் கூப்பிடணும் தாயி. பேரைச் சொல்லி மூணு தடவ. வீடு வர்ற வரைக்கும் வண்டிய நிப்பாட்டக் கூடாது. திரும்பிப் பாக்கக் கூடாது. ஒரு வீட்டுக்கு ஒரு அழைப்புத்தான். தப்பிப்போனா மறுபடி கூப்பிட முடியாது."

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இருவரும் கிளம்பினார்கள். சித்தப்பா ஏறுவதற்கே சிரமப்பட்டார்.

"ஏணி வச்சில்ல ஏறணும். இது வண்டியா தொட்டிலா? இந்த ஆட்டு ஆட்டுது."

"பிடிச்சுக்கங்க சித்தப்பா. மேல வாரு தொங்குது பாருங்க."

ஆரஞ்சு நிற நைலான் வார்கள். பிடித்துக்கொள்வதற்காக மேல்கம்பியில் முத்துக்கண்ணனே கட்டியது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. இப்போது பின்னால் இடப்பக்கத்து வார் மட்டும் இல்லை. முடிச்சு இருந்த இடத்தில் நைந்த நூல்தான் இருந்தது. உருண்டதில் அறுந்திருக்கும் என்று நினைத்தாள்.

ஆலங்கண்மாய்க் கரையில் யாரும் இல்லை. தண்ணீர் அசையாமல் கிடந்தது. சித்தப்பா மண்ணை அள்ளி மஞ்சள் துணியில் முடிந்தார். சூடம் ஏற்றினார்.

"கூப்பிடு."

பாண்டீஸ்வரி வாயைத் திறந்தாள்.

வரவில்லை.

"கூப்பிடு தாயி. வெயில் ஏறுது."

மறுபடியும் திறந்தாள். காற்றுதான் வந்தது. சூடம் அணைந்துகொண்டிருந்தது. சித்தப்பா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அவரே கண்மாய்ப் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொன்னார்.

"வாப்பா. வந்து ஏறிக்க. வீட்டுக்குப் போவோம்."

பெயர் சொல்லவில்லை.

சூடம் அணைந்தது. இருவரும் முன்னால் ஏறினார்கள். கண்ணாடியில் பின்பக்கம் தெரிந்துவிடக் கூடாது என்று அவள் அதை மேல்நோக்கித் திருப்பிவைத்தாள். சாவியைத் திருகப் போனாள்.

கிரீச்...

பின்னால் இடப்பக்கத்து ஸ்பிரிங் அமுங்கியது. வண்டி அந்த மூலையில் இறங்கி நின்றது. ஒரு ஆள் ஏறி உட்கார்ந்தால் எவ்வளவு இறங்குமோ, அவ்வளவு.

சித்தப்பா துணி முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வந்துட்டான். எடு வண்டிய."

அவளுக்குப் பயம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. அம்மா இனிச் சாப்பிடுவாள் என்பது மட்டும் தோன்றியது. கியர் போட்டாள்.

தைல மரக்காட்டுக்கு வந்தார்கள். சித்தப்பா வழி சொல்லிக்கொண்டு வந்தார். செத்தவர்களுக்கு வழி மறந்துவிடுமாம்.

"இடப்பக்கம் வளைவு வருதுப்பா. பாத்து வா."

இடது வளைவில் வண்டி வலப்பக்கம் சாய வேண்டும். சாயவில்லை. பின்னால் இடப்பக்கம் இருந்த பாரம் தாங்கிப் பிடித்தது. மட்டமாகவே திரும்பியது. உள்பக்கம் சாய்கிறான் என்று நினைத்தாள். அவனேதான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

சொட்... சொட்...

"ரேடியேட்டர் ஒழுகுதா தாயி?"

"ரேடியேட்டர் முன்னால இருக்கு சித்தப்பா."

சத்தம் பின்னால் இருந்து வந்தது. தகரத் தரையில் தண்ணீர் சொட்டுகிற சத்தம். கூடவே ஒரு வாடை. கண்மாயின் அடிச்சேற்று வாடை...

 கொஞ்ச தூரம் போனதும் சித்தப்பா குரலைத் தாழ்த்திச் சொன்னார். "வலப்பக்கம் வளைவு வருதுப்பா."

அவள் வேகத்தைக் குறைத்துத் திருப்பினாள். அவன் இடம் மாறி உட்காருவான் என்று காத்திருந்தாள். வலது வளைவுக்கு வலப்பக்கம்.

பாரம் மாறவில்லை.

இடப்பக்கமே சரிந்தது. இன்னும் சரிந்தது. பின்னால் ஏதோ பிடி கிடைக்காமல் தகரத்தில் நகர்ந்தது. அவள் பக்கத்துச் சக்கரங்கள் தரையை விட்டது உடம்பில் தெரிந்தது. அவள் ஆக்சிலேட்டரை விட்டு, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் நேராக்கினாள். வண்டி ரோட்டை விட்டுச் செம்மண்ணில் இறங்கி, குலுங்கி, தட்டென்று நான்கு சக்கரத்திலும் விழுந்தது.

நிறுத்தவில்லை. ஓட்டிக்கொண்டே இருந்தாள்.

உள்பக்கம் சாயத் தெரியாதவன் பின்னால் இருக்கிறான்.

சித்தப்பா அதற்குப் பிறகு வழி சொல்லவில்லை.

சொட்...

சொட்...

திரும்பிப் பார்க்கவில்லை.

வீடு வந்தது.

அம்மா கேட்டில் நின்றாள். அவளைப் பார்க்கவில்லை. சித்தப்பாவைப் பார்க்கவில்லை. வண்டியின் பின்னால், இடப்பக்க மூலையைப் பார்த்தாள்.

"வந்துட்டியாப்பா... ஏன்டா இப்புடி நனைஞ்சு போய் வந்துருக்க?"

கிரீச்...

அமுங்கிய ஸ்பிரிங் மேலே எழுந்தது.

அன்று மத்தியானம் அம்மா சாப்பிட்டாள். மறுசோறு வாங்கிச் சாப்பிட்டாள். பாண்டீஸ்வரி வண்டியின் பின்பக்கத்தைத் துடைத்தாள். ஒரு வாளித் தண்ணீர் இருந்தது. பச்சையாகப் பாசியும் இருந்தது. மழை பெய்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது.

சித்தப்பாவிடம் ஒருமுறைதான் கேட்டாள். "சித்தப்பா, அது அவன்தானா?"

"ஒங்கம்மா சாப்பிடுறாகள்ல?"

"சாப்பிடுறாக."

"அப்ப விடு."

அம்மா தேறிவிட்டாள். இரண்டு தட்டுப் போடுவாள். பக்கத்தில் யாரோ இருப்பது போலப் பேசுவாள். ஊரில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பெற்ற வயிறு, எப்படியோ பிழைத்துக் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாண்டீஸ்வரி கெண்டை மீன் வாங்கிவந்தாள். முத்துக்கண்ணன் மீன் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டதே இல்லை. அம்மா சட்டியை வாசலுக்குத் தள்ளிவிட்டாள்.

"அவன் இப்பல்லாம் மீன் திங்கிறதில்லடி. கண்மாய் மீனுன்னா வாடையே ஆகலங்கிறான். நடுங்குறான்."

வைகாசியில் ஆலங்கண்மாய் வற்றியது. சுற்று ஊர் சனமெல்லாம் ஊத்தாக் கூடையும் வலையுமாக மீன் பிடிக்க இறங்கினார்கள். மடைக்குப் பக்கத்தில் கிடங்கு மாதிரி ஒரு பள்ளம். அங்கே ஊத்தாவைப் போட்டவர் மண்டையோட்டைத் தூக்கினார். பிறகு மற்ற எலும்புகள். போலீஸ் வந்தது. ஆண், நடுவயது என்றார்கள். எந்த ஊர், என்ன பெயர் என்று இன்றுவரை தெரியவில்லை. தேடி ஒருவரும் வரவில்லை.

மணிக்கட்டு இருந்த இடத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு நைலான் வார் கிடந்தது.

ஆரஞ்சு நிறம்.

வழியில் கைகாட்டியிருப்பான். முத்துக்கண்ணன் ஏற்றியிருப்பான். யாரை வேண்டுமானாலும் ஏற்றுவான். உள்பக்கம் சாயச் சொல்லிக்கொடுக்க நேரம் இருந்ததோ என்னவோ... வண்டி உருண்டபோது தண்ணீருக்குள் போனவனை யாரும் தேடவில்லை. அப்படி ஒருவன் இருந்ததே யாருக்கும் தெரியாது.

கரையில் நின்று, வாப்பா, வந்து ஏறிக்க, என்று முதன்முதலாகக் கூப்பிட்டது அவர்கள்தான்.

பாண்டீஸ்வரி அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் சோறு நிற்கும். ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு மதியத்தில் தனியாக ஜீப்பை எடுத்தாள். மண் எடுக்கவில்லை. சூடம் ஏற்றவில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு அழைப்புத்தான் என்பது அவளுக்கு நினைவிருந்தது. ஆனாலும் கல்லலில் திருப்பிக்கொண்டு, அந்த வளைவுக்குள் வரும்போது வாயைத் திறந்தாள்.

வந்தது.

"முத்துக்கண்ணா."

வலது வளைவு. வண்டி இடப்பக்கம் சாய வேண்டும்.

வலப்பக்கம் சாய்ந்தது.

அடுத்து தைல மரக்காட்டு இடது வளைவு. பின்னால் யாரோ இருக்கை மாறித் தாவும் சத்தம். வண்டி மட்டமாகத் திரும்பியது. அதற்கடுத்த வலது வளைவு. மறுபடியும் தாவும் சத்தம். வலப்பக்கம்.

சொட்டும் சத்தம் இல்லை. சேற்று வாடை இல்லை. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. வழி தெரியவில்லை. துடைத்துக்கொண்டே ஓட்டினாள்.

அம்மா கேட்டில் நின்றாள். தெளிவாக இருந்தாள். கன்னம் தேறியிருந்தது. வண்டியின் பின்னால், வலப்பக்க மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள்.

"யாருடி பாண்டி அது?"

பாண்டீஸ்வரி இன்ஜினை அணைத்தாள்.

"வழியில போற ஆளையெல்லாம் ஏத்திட்டு வருவியா? தம்பி உள்ள தூங்குறான். அந்தாள எறங்கிப் போகச் சொல்லு."

கேட்டைச் சாத்தி உள்பக்கம் கொண்டி போட்டாள்.

பாண்டீஸ்வரி ஸ்பிரிங் மேலே எழும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். வெயில் இறங்கும் வரைக்கும் காத்திருந்தாள்.

கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த ஜீப்பை யாரும் எடுப்பதில்லை. மெக்கானிக் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டார். ஸ்பிரிங்கில் பழுது இல்லை. டயரில் காற்றுக் குறையவில்லை. தரையும் மட்டம்தான்.

வண்டி மட்டும் இன்னும் வலப்பக்கம் சாய்ந்தே நிற்கிறது... வீடு இருக்கிற பக்கம்.