நான் ஜெயித்துக் கொடுத்த வழக்கு

போன மாதம் அடி அண்ணாமலையில் பெண்களுக்கு ஒரு சட்ட விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது. இந்த மாதிரிக் கூட்டம் என்றால் திருவண்ணாமலை கோர்ட்டில் இருக்கும் வக்கீல்களில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு வாய் ஜாஸ்தி, அதுதான் காரணம். முன்தீர்ப்பு, அதிகார வரம்பு, சட்டங்களின் முரண் என்று மூன்று வார்த்தைகளைப் புரியும்படி சொல்லச் சொன்னார்கள்.

மூத்த மருமகளுக்குத் தீபாவளிக்குப் பட்டு எடுத்துவிட்டால் இளைய மருமகளுக்கும் எடுத்தே ஆக வேண்டும், அதுதான் முன்தீர்ப்பு என்றேன். சிரித்தார்கள். உங்கள் வீட்டுச் சண்டைக்குத் தீர்ப்பு சொல்ல பக்கத்துத் தெருக்காரருக்கு என்ன உரிமை, அந்தக் கேள்விதான் அதிகார வரம்பு என்றேன். அதற்கும் சிரித்தார்கள். மூன்றாவதற்கு உதாரணம் தேடியபோது, வேண்டாம் வேண்டாம் என்று உள்ளே ஒன்று தடுக்கத் தடுக்க, கீழ்பென்னாத்தூர்ப் பெண்ணின் வழக்கைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

அவள் தையல்காரி. புருஷன் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். கல்யாணமாகி இருபது நாளில் போனவன், அவளைக் கூப்பிட்டுக்கொள்ளவே இல்லை. மூன்றாம் வருஷம் அங்கிருந்து ஒரு கவர் வந்தது. அந்த ஊர் கோர்ட்டில் விவாகரத்து கேட்டிருக்கிறான், சம்மதமா ஆட்சேபணையா என்று இவள் பதில் எழுத வேண்டும். கவரைத் தூக்கிக்கொண்டு அண்ணன்காரர் அவளை என் ஆபீஸுக்குக் கூட்டிவந்தார். வேர்க்கடலை வியாபாரம் செய்கிறவர், சத்தமாகப் பேசுவார்.

"அவன சும்மா வுடக்கூடாது மேடம். எங்க வூட்டுப் பொண்ணு என்னா எளக்காரமா?" என்றார்.

அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "இந்தப் பேப்பர் இங்க செல்லுங்களா மேடம்?"

எனக்குக் குஷி பிறந்துவிட்டது. நிலத்தகராறும் ஜீவனாம்சமுமாகப் பார்த்துச் சலித்தவளுக்கு இரண்டு நாட்டுச் சட்டம் மோதுகிற வழக்கு எங்கே கிடைக்கும்? "செல்லவே செல்லாது" என்று மேஜையைத் தட்டிச் சொன்னேன். கல்யாணம் நடந்தது கீழ்பென்னாத்தூரில், இவள் அமெரிக்க மண்ணை மிதித்ததே இல்லை, அந்த கோர்ட்டுக்கு ஏது அதிகார வரம்பு? பதில் எழுதினால்தான் ஆபத்து, எழுதினால் அவர்களுடைய அதிகாரத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும், கவரைப் பீரோவில் வையுங்கள் என்றேன். சட்டப்படி அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் அண்ணன் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

என் ஆபீஸுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் என்னையே பார்த்து, "வக்கீல் சார் இல்லீங்களா?" என்று கேட்பார்கள். நான்தான் வக்கீல் என்று எரிந்து விழுவேன். அப்படிப்பட்ட நான் ஒரு பெண்ணின் வழக்கை அவள் அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தேன். பேசுவது ஆம்பளை, கையெழுத்துப் போடுவது பொம்பளை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வக்காலத்துப் பேப்பரை அவள் பக்கம் நகர்த்தி, "இங்க போடும்மா" என்று மட்டும் சொன்னேன்.

எதிர்பார்த்தபடியே அங்கே ஒருதலைப்பட்சமாக விவாகரத்து கொடுத்துவிட்டார்கள். அது செல்லாது என்று அறிவிக்கக் கோரி இங்கே வழக்குப் போட்டேன். நாலு வருஷம் இழுத்தது. வாய்தாவுக்கு வாய்தா அண்ணனோடு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள். ஒரே ஒரு முறைதான் வாய் திறந்து ஒன்று கேட்டாள்: "பௌர்ணமி அன்னிக்கு வாய்தா வாங்காதீங்க மேடம், பஸ்ல நிக்கக்கூட எடம் இருக்காது." அமைதியான பொண்ணு என்று நினைத்துக்கொண்டேன்.

மேல்கோர்ட்டின் பழைய முன்தீர்ப்பு ஒன்றைப் பிடித்து வாதாடினேன். மனைவி சம்மதிக்காதபோது வெளிநாட்டில் வாங்கிய விவாகரத்து இங்கே செல்லாது என்ற வரிக்குச் சிவப்பில் கோடு போட்டிருந்தேன். ஜெயித்தோம். அண்ணன் ஸ்வீட் வாங்க ஓடினார். நாலு வருஷத்தில் முதல் முறையாக அவளும் நானும் தனியாக இருந்தோம்.

"அப்ப நான் இன்னும் அவரு பொண்டாட்டிதாங்களா மேடம்?"

"ஆமாம்மா, சந்தேகமே இல்ல" என்றேன், பெருமையாக.

தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு யாருக்கோ நடந்த மாதிரி சொன்னாள். அவள் நூலும் லைனிங் துணியும் வாங்குகிற கடைக்காரர் ஒருவர், மனைவியை இழந்தவர், அந்தக் கவர் வருவதற்கு முன்பே அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்தார். அம்மாவுக்கு மட்டும் தெரியும், அண்ணனிடம் சொல்ல இரண்டு பேருக்குமே பயம். கவர் வந்த அன்று சாமிக்கு விளக்கேற்றினாளாம். அது செல்லும் என்று நான் சொல்லிவிட மாட்டேனா என்றுதான் என் ஆபீஸ் படி ஏறியிருக்கிறாள்.

"மொத நாளே நான் சம்மதம்னு எழுதி அனுப்பியிருந்தா மேடம்?"

பொய் சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. "செல்லியிருக்கும்மா" என்றேன். அதே முன்தீர்ப்பில், நான் கோடு போட்ட இடத்துக்குக் கொஞ்சம் கீழேயே இருக்கிறது, மனைவி மனமொப்பிச் சம்மதித்தால் செல்லும் என்று. அதை நான் படிக்காமல் இல்லை. நமக்கு வேண்டாத வரி என்று தாண்டிப் போயிருந்தேன்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போவல, நாமளே இங்க விவாகரத்து போடலாம். பீஸ் வேணாம்" என்று அவசர அவசரமாகச் சொன்னேன்.

"போடலாம் மேடம். அந்தக் கடைக்காரருக்குத் தையில கல்யாணம் ஆயிடுச்சு. கல்யாணப் பொண்ணோட ஜாக்கெட்ட என்கிட்டதான் தைக்கக் குடுத்தாங்க. தச்சுக் குடுத்தேன்."

அதற்குள் அண்ணன் வந்துவிட்டார். பெரிய மைசூர்பாகாக எடுத்து என் கையில் வைத்தார். அவள் எதிரிலேயே அதைத் தின்றேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அடி அண்ணாமலையில் இந்தக் கதையை மைசூர்பாகு வரைக்கும் கொண்டுபோகவில்லை. அவன் அங்கே வாங்கினான், இங்கே செல்லாது என்றேன், கோர்ட்டும் ஒப்புக்கொண்டது, இதுதான் சட்டங்களின் முரண் என்று நிறுத்திவிட்டேன். முன்வரிசையில் குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு பெண் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு ஜெயிச்சிடுச்சுங்களா மேடம்?"

"ஜெயிச்சிடுச்சும்மா" என்றேன்.

எல்லோரும் கை தட்டினார்கள்.