கயா வைத்த டோனட்

சமையல் புத்தகங்களை நாவல் மாதிரி படிப்பவன் நான். அப்படிப்பட்டவன் டோனட் பொரிக்கப் போய், மலேசியாவின் ஈப்போவில் இருக்கும் என் வீட்டையே கொளுத்தப் பார்த்தேன்.

கரிப்பாப் என்ற பலகாரத்தை உருளைக்கிழங்கு மசாலா வைத்து, ஓரம் மடித்துத்தானே பொரிக்கிறோம்? டோனட்டும் அதற்குச் சொந்தம்தான் என்று நினைத்து, பச்சை மாவுக்குள் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்துக் காய்ச்சிய கயா ஜாமை வைத்து மூடி எண்ணெயில் போட்டேன். மாவு வெடித்தது. கயா கொட்டி, எண்ணெய் பொங்கி அடுப்பில் வழிந்தது. சட்டி முழுக்கத் தீ.

கீழே கேஸ் சிலிண்டர். மாடியில் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். வாளித் தண்ணீரைத் தூக்கிவிட்டேன்.

"அண்ணே, ஊத்தாதீங்க! வீடே போயிரும்!"

புகையைப் பார்த்துப் பக்கத்து வீட்டு மேரி பின்வாசல் வழியாக ஓடி வந்திருந்தாள். கேஸை அடைத்து, பெரிய தட்டால் சட்டியை மூடினாள். தீ மூச்சுத் திணறி அடங்கியது. நான் வாளியைக் கீழே வைத்தேன். எரியும் எண்ணெயில் தண்ணீரை ஊற்றியிருந்தால் நெருப்பு மாடிப்படிக்குத் தாவியிருக்கும்.

சத்தம் கேட்டு இறங்கி வந்த மனைவி கரி பிடித்த கூரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"டோனட் திங்கணும்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா. மேரி நல்லா செய்வா."